சென்டர் ஸ்டாண்டு

ஜூன் 9, திங்கள்

கி.மீ. 61,204. ஆயில் அளவுக்குச்சியோட கீழ்க்கோட்டைத் தொடவே இல்ல. நூத்தம்பது மில்லி ஊத்தினேன். இப்ப மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழ நிக்குது.

இதை எழுதச் சொன்னது மெக்கானிக் நவமணி அண்ணன். "தங்கச்சி, உன் பைக்கு ஆயில் குடிக்கிற வயசுக்கு வந்துருச்சு. திங்கக்கிழமை திங்கக்கிழமை பாரு. தேதி, கிலோமீட்டர், எம்புட்டு ஊத்துன, மூணையும் எழுதி வை. வாய்க்கணக்கு எங்கிட்ட வேகாது"ன்னாரு. நான் வேலை பாக்குற ரத்தப் பரிசோதனை லேப்புக்கு மருந்துக் கம்பெனிக்காரன் குடுத்த டைரி ஒண்ணு ஜனவரியில இருந்து சும்மா கெடந்துச்சு. எடுத்துக்கிட்டேன்.

முதல் பக்கத்துல பேரு, ஊரு, ரத்த வகை எல்லாம் கேட்டிருக்கான். காளீஸ்வரி, அருப்புக்கோட்டை, பி பாசிட்டிவ். அதுக்குக் கீழ "அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்"னு ஒரு கோடு. கணவர் அழகுராஜ்னு எழுதினேன். எழுதிட்டுச் சிரிப்பு வந்துச்சு. அவசரம்னு போன் பண்ணினா அவுக பேசணுமே.

சுத்தமாப் பேசாம இல்ல. "தண்ணி வேணும்." "மாத்திரை தீந்துபோச்சு." "கரண்டு ஆபீஸ் ஆள் வந்துட்டுப் போச்சு." எல்லாம் சுவத்தைப் பாத்து. நீ, வா, போ, உனக்கு, ஒண்ணும் கிடையாது. சாப்பிடணும்னாக்கூட "சாப்பிடலாம்"னு சொல்லிட்டு உக்காந்துருவாக. யாரு சாப்பிடலாம், யாரு போடணும்னு சுவருதான் முடிவு பண்ணணும்.

ஏழு மாசம் இப்படி ஓடிருச்சு. ஐப்பசி மழையில பந்தல்குடி ரோட்டுல நாய் குறுக்க வந்து விழுந்தோம். எனக்கு முழங்கையில சிராய்ப்பு. அவுகளுக்கு வலது கால் ரெண்டு இடத்துல ஒடிஞ்சு பிளேட்டு வச்சிருக்கு. அதுக்குப் பெறகுதான் நான் வேலைக்குப் போறேன், அவுக வண்டியையும் ஓட்டுறேன். நாய்தான் காரணம். அதுல எழுத ஒண்ணும் இல்ல.

ஆயில் பாக்குற முறையையும் எழுதி வைக்கிறேன், மறந்துபோயிரும். சமதளமா இருக்கணும். வண்டிய மூணு நிமிசம் ஓடவிட்டு அணைச்சு, இன்னொரு மூணு நிமிசம் விடணும். சென்டர் ஸ்டாண்டு கட்டாயம். சைடு ஸ்டாண்டுல பாத்தா வண்டி இடது பக்கம் சாயும், ஆயிலும் அங்கிட்டுப் போயிரும், வலது பக்கம் இருக்கிற அளவுக்குச்சி கம்மியாக் காட்டும். குச்சியைத் திருகி எடுத்துத் துடைச்சு, திரும்ப வைக்கையில திருகாம சும்மா வச்சு எடுத்துப் பாக்கணும்.

சென்டர் ஸ்டாண்டு போடத்தான் எனக்கு ஒரு வாரம் ஆச்சு. கையால தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு. "கை தூக்காது தங்கச்சி, காலு தூக்கும். வலது காலால ஸ்டாண்டை மிதிச்சு, மொத்த வெயிட்டையும் அதுல ஏத்து"ன்னு நவமணி அண்ணன் சொன்ன பெறகுதான் வந்துச்சு.

ஜூன் 11, புதன்

அஞ்சரைக்குக் கிளம்பி ஒம்பது வீட்ல ரத்தம் எடுத்தேன். பாலையம்பட்டியில ஒரு தாத்தா வெறும் வயித்துல இருக்கச் சொன்னா, "வெறும் வயிறுதான், ரெண்டு வடை மட்டும்"ங்கிறாரு. இவுகளை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய.

மத்தியானம் நாத்தனார் கோமதி கோயமுத்தூர்ல இருந்து பேசினா. அவ வீட்டுக்குப் பக்கத்துலயே கால் பயிற்சி குடுக்கிற நல்ல இடம் இருக்காம். "ஆடி பிறந்துட்டா எதையும் தொடங்கக்கூடாது மதினி. அதுக்குள்ள வந்து அண்ணனைக் கூட்டிட்டுப் போயிறேன்"ன்னா.

"எத்தனை நாளைக்கு?"ன்னு கேட்டேன்.

"இருக்கட்டுமே மதினி, நாள் என்ன கணக்கு. நீங்களும் வேலைக்கு ஓடுறீங்க, அண்ணன் தனியாத்தானே கெடக்காங்க"ன்னா. தப்பாச் சொல்லல. அவ நல்லவதான்.

போனை அவுககிட்டக் குடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு "சரி"ன்னாக. அம்புட்டுதான், ஒரு சரி.

போனா திரும்பி வரமாட்டாக. எனக்குத் தெரியும். பேச்சு வார்த்தை இல்லாத வீட்டுக்கு எவன் திரும்பி வருவான்? போகாதீகன்னு சொல்லவும் எனக்கு வாய் இல்ல. ஊரையே கிழிக்கிற வாய் இது, அவுக முன்னாடி மட்டும் ஒட்டிக்கிருது.

ஜூன் 16, திங்கள்

கி.மீ. 61,431. ஆயில் மேல்கோட்டுக்கு மேல நிக்குது. போன வாரம் நான்தான் கூட ஊத்திட்டேனோ?

ஜூன் 17, செவ்வாய்

நவமணி அண்ணன் திட்டுனாரு. "கம்மியானா மட்டும் இல்ல தங்கச்சி, கூடினாலும் இன்ஜினுக்குக் கேடு. கூடுனதை எடுத்துரு"ன்னாரு. எப்படி எடுக்கன்னு கேட்டதுக்கு, அடியில போல்ட்டைக் கழட்டி வடிக்கணும், கடைக்குக் கொண்டாந்து விட்டுட்டுப் போன்னாரு. விட்டுட்டுப் போனா என் நோயாளிகளுக்கு யாரு ரத்தம் எடுக்க?

எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. லேப்ல தேதி முடிஞ்ச பெரிய சிரிஞ்சு கெடந்துச்சு. குளுக்கோஸ் ஏத்துற டியூபை ஒரு முழம் வெட்டி அது நுனியில மாட்டினேன். ஆயில் ஊத்துற ஓட்டை வழியா விட்டு மெல்ல இழுத்தேன். வந்துச்சு! அம்பது, அம்பதா ரெண்டு தடவை. குச்சியை வச்சுப் பாத்தா ரெண்டு கோட்டுக்கும் நடுவுல கச்சிதமா நிக்குது. பதினேழு வருசம் கழிச்சு என் டிஎம்எல்டி லேப் படிப்பு வண்டிக்கு ரத்தம் எடுக்க உதவியிருக்கு. எனக்கே என்னைப் பாத்துப் பெருமையா இருந்துச்சு.

அவுக ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டு இருந்தாக. நான் திரும்புறதுக்குள்ள திரும்பிக்கிட்டாக.

ஜூன் 23, திங்கள்

கி.மீ. 61,690. ஆயில் மறுபடியும் மேல்கோட்டுக்கு மேல.

இந்தத் தடவை நான் ஒரு சொட்டு ஊத்தல. வேலை முடிஞ்சதும் நேரா நவமணி அண்ணன் கடைக்குப் போனேன். அவரு குச்சியை எடுத்து மோந்து பாத்தாரு. விரல்ல தேய்ச்சுப் பாத்தாரு. பேப்பர்ல ஒரு சொட்டு விட்டு அது எப்படிப் பரவுதுன்னு பாத்தாரு.

"பெட்ரோல் உள்ள எறங்குனா ஆயில் அளவு ஏறும். அப்படின்னா இன்ஜினைப் பிரிக்கணும்னு பயந்தேன். ஆனா வாடையே இல்ல. இது புது ஆயில் தங்கச்சி. யாரோ ஊத்துறாக"ன்னாரு.

"யாரு ஊத்துவா? வீட்ல இருக்கிறது நானும் அவுகளும்தான். அவுகளால வாசப்படி எறங்கவே ரெண்டு நிமிசம் ஆகுது."

"அப்ப நீதான் ஊத்தியிருப்ப. ஊத்திட்டு மறந்திருப்ப"ன்னு சிரிச்சாரு.

எனக்கு வந்துச்சே ஆத்திரம். டைரியைத் தூக்கி அவரு முன்னாடி போட்டேன். படிங்க, தேதியோட இருக்குன்னேன். அவரு ஆயில் கையோட தொட்டு ஒரு பக்கத்தைக் கரியாக்கிட்டாரு. அப்பறந்தான் மத்ததெல்லாம் எழுதியிருக்கிறது ஞாபகம் வந்து வெடுக்குன்னு பிடுங்கிக்கிட்டேன்.

நூத்திருபது மில்லி எடுத்தோம்.

ஜூன் 25, புதன்

காஞ்சநாயக்கன்பட்டியில ஒரு சர்க்கரைக்கார அக்கா. கையில ரப்பரைக் கட்டுறப்ப, "ஒங்க வீட்டுக்காரரு எப்படித்தா விழுந்தாரு?"ன்னு கேட்டுச்சு. நாய் குறுக்க வந்துருச்சுக்கான்னேன். என்ன நாயின்னு கேட்டுச்சு. செவலை நாயின்னேன்.

"போன மாசம் கருப்புன்னு சொன்னியே?"

சர்க்கரை நானூறு இருக்கு, ஞாபகசக்திக்கு ஒரு குறையும் இல்ல. மழை இருட்டு, கலர் சரியாத் தெரியலன்னு சொல்லிட்டு ஊசியைக் குத்திட்டேன். கொஞ்சம் வேகமாக் குத்திட்டேன் போல, பாவம்.

ஜூன் 28, சனி

துவைக்கிற நாள். அவுக லுங்கியில முழங்காலுக்கிட்ட கருப்பா ஒரு கறை. சோப்புக்குப் போகல. தலையணை உறையிலயும் ஒரு பெருவிரல் அளவுக்கு. இந்த மனுசன் எங்கிட்டுப் போயி உக்காந்து எந்திரிச்சாரோ. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சதுல கை எரியுது.

ஜூன் 30, திங்கள்

கி.மீ. 61,922. மேல்கோட்டுக்கு மேல. நான் ஊத்தல. சத்தியமா நான் ஊத்தல.

என் ஆயில் பாட்டில்ல பேனாவால கோடு போட்டு வச்சிருக்கேன். அது அசையவே இல்ல. வண்டி தானா ஊற்றெடுக்குதா? மாரியம்மன் கோயில்ல மஞ்சத் துணி முடிஞ்சு ஹேண்டில்பார்ல கட்டினேன். எண்பது மில்லி எடுத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

கோமதி தேதி சொல்லிட்டா. 13, ஞாயித்துக்கிழமை. கார்ல வர்றா.

சொன்னேன். அவுக கேட்டுட்டு, "பெட்டி பரண்மேல இருக்கு"ன்னு சுவத்துக்கிட்டச் சொன்னாக. ஏணியைப் போட்டு ஏறி எடுத்தேன். ஏறுறப்ப ஏணியைக் கையால பிடிச்சுக்கிட்டாக. நான் எறங்கினதும் கையை எடுத்துட்டாக.

பெட்டியைத் துடைச்சேன். வெள்ளை வேட்டி நாலு, லுங்கி மூணு, வலி மாத்திரை, எக்ஸ்ரே கவர். வேட்டி மடிக்கிறப்ப அழுகையா வந்துச்சு. அடுப்பங்கரையில போயி வெங்காயம் நறுக்கினேன்.

ஜூலை 7, திங்கள்

காலையில மழைத் தூத்தல், தரை ஈரம். ஆயில் பாக்கல. நாளைக்குப் பாத்துக்கலாம்.

ஜூலை 8, செவ்வாய்

பாக்காம விட்டதுக்கு அனுபவிச்சேன்.

அஞ்சு பேரோட ரத்தம் பெட்டியில இருக்கு. காஞ்சநாயக்கன்பட்டியில இருந்து திரும்புறப்ப வண்டி கனக்க ஆரம்பிச்சுச்சு. எதுத்தாப்ல வந்த பால்காரரு, "யம்மா, பின்னாடி பாரு, புகை!"ன்னு கத்தினாரு. திரும்பிப் பாத்தா ரோடே தெரியல, கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி வெள்ளை வெள்ளையாப் புகை. ரெண்டு தடவை இருமிட்டு வண்டி நின்னுபோச்சு.

நிறுத்துன இடம் எதுன்னு பெறகுதான் பாத்தேன். பந்தல்குடி ரோடு, அந்தச் சிறு பாலம்.

நவமணி அண்ணனுக்குப் போன் போட்டேன். ரத்தப் பெட்டியை ஒரு ஷேர் ஆட்டோவுல லேப்புக்கு அனுப்பிட்டு வேலமரத்து நிழல்ல உக்காந்தேன். ஒரு மணி நேரம். ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போறதில்ல. எழுதிருறேன்.

நாயி வரல. அன்னைக்கு ஒரு நாயும் வரல.

கோமதி மக சடங்கைப் பந்தல்குடியில அவ மாமியா வீட்ல வச்சிருந்தாக, அது முடிஞ்சு திரும்புறோம். அங்க பந்தியில எல்லார் முன்னாடியும் அவுக, "எம் பொண்டாட்டி டிஎம்எல்டி. படிச்சது ரத்தம் சோதிக்க, சோதிக்கிறது எங்க வீட்டுக் குழம்புல உப்பு"ன்னு சொல்லிச் சிரிச்சாக. எல்லாரும் சிரிச்சாக. அவுக கேலிக்குத்தான் சொன்னாக, தெரியும். ஆனா பதினேழு வருசமா வேலைக்குப் போறேன், போறேன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போனவளுக்கு அது சுருக்குன்னு தச்சுருச்சு. வண்டியில ஏறுனதுல இருந்து காதுல கத்திக்கிட்டே வந்தேன். நிறுத்துங்க, எறங்குறேன்னேன். அவுக நிறுத்தல. முதுகுல ஓங்கி ஒரு குத்து விட்டேன். சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். அவுக என்னைத் திரும்பிப் பாத்தாக. பாலத்துக்கிட்ட ஜல்லி கெடந்துச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு, அப்பறம் போலீஸ்காரரு கேட்டாரு, கோமதி கேட்டா. வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தர்கிட்டயும் "நாய் குறுக்க வந்துருச்சு"ன்னாக. என்னைப் பாக்கவே இல்ல. நானும் தலையாட்டினேன். அன்னையில இருந்து எங்கிட்டப் பேச்சு இல்ல. என் தப்பை ஊருக்கு மறைச்சுட்டு, எனக்கு மட்டும் தண்டனை குடுத்துட்டாக. குடுக்கட்டும். ஞாயந்தானே.

நவமணி அண்ணன் வந்து பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாரு. ஆயில் மேல்கோட்டைத் தாண்டி எங்கயோ இருக்கு, கூடுனது ஏர் பில்டருக்குள்ள ஏறி நிக்குது. வடிச்சு, பில்டரை மாத்தி, அளவா வச்சுக் குடுத்தாரு. "சத்தியமா நீ ஊத்தலையா தங்கச்சி?"ன்னு இந்தத் தடவை சிரிக்காம கேட்டாரு.

ஜூலை 10, வியாழன்

நடந்ததை அப்படியே வரிசையா எழுதுறேன்.

தினமும் ரெண்டு மணிக்குச் சாப்பிட்டுட்டு நான் ஒரு தூக்கம் போடுவேன். காலையில நாலரைக்கு எந்திரிக்கிற உடம்பு, செத்த பொணமாத் தூங்கும். இன்னைக்குப் படுத்த கொஞ்ச நேரத்துல கரண்டு போச்சு. காத்தாடி நின்னதும் வேர்த்து முழிச்சுக்கிட்டேன். வீடு அமைதியா இருந்துச்சு. வண்டி நிக்கிற தகரக் கொட்டகையில இருந்து ‘டிங்’னு ஒரு சத்தம்.

திருடன்னு நினைச்சு விளக்குமாத்தைத் தூக்கிக்கிட்டுப் போனேன்.

அவுக. ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு அதுல உக்காந்து, வலது காலை நேரா நீட்டிக்கிட்டு. வண்டி நான் நிறுத்துன மாதிரியே சைடு ஸ்டாண்டுல சாஞ்சு நிக்குது. ஒரு கையில அளவுக்குச்சி. இன்னொரு கையில பாதி ஆயில் இருக்கிற பழைய பாட்டில், அவுக ஓட்டுன காலத்துல வாங்கினது. மடியில கரித்துணி.

"நீங்கதானா!"ன்னு கத்திட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "ஒரு மாசமா நான் பைத்தியக்காரி மாதிரி உறிஞ்சு உறிஞ்சு எடுக்கிறேன், நீங்க ஊத்துறீகளா? முந்தாநா நடுரோட்டுல புகை விட்டு நின்னேனே, தெரியுமா?"

அவுக முகம் வெளுத்துப்போச்சு. "குச்சியில கம்மியாக் காட்டுச்சு. வாரா வாரம் கம்மியாக் காட்டுச்சு, சிரிஞ்சால அளவுக்கு மீறி எடுத்தாச்சோன்னு நினைச்சேன்"ன்னு குச்சியைப் பாத்துச் சொன்னாக. "காலையில கிளம்புறப்ப சத்தம் வறட்சியாக் கேக்குது. ஆயில் இல்லாம இன்ஜின் இறுகிப் பிடிச்சா பின்சக்கரம் அப்படியே நின்னுரும். ஓட்டுறவுகளைத் தூக்கி எறிஞ்சுரும்."

ஓட்டுறவுக. அது நான்தான்.

"சைடு ஸ்டாண்டுல பாத்தா கம்மியாத்தான் காட்டும்! இது எனக்கே தெரியுது. இருபது வருசம் வண்டி ஓட்டுன மனுசனுக்குத் தெரியாதா? சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பாக்க வேண்டியதுதானே?"

குச்சியில இருந்து ஆயில் அவுக லுங்கியில சொட்டுச்சு.

"போட முடியல"ன்னாக.

அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. ஸ்டாண்டை மிதிக்கிறது வலது காலு. மொத்த வெயிட்டும் அதுலதான் ஏத்தணும். மிதிச்சுப் பாத்திருப்பாக, எத்தனை தடவையோ. முடியாமத்தான் அப்படியே சாஞ்ச வாக்குல வச்சுப் பாத்திருக்காக. என்னைக் கூப்பிட்டா ஒரு நிமிசத்துல போட்டுக் குடுத்திருப்பேன். கூப்பிட ஒரு வார்த்தை வேணுமே.

விளக்குமாறு கையில இருந்து விழுந்துருச்சு. தரையில உக்காந்துட்டேன். "நாயி வரலங்க. நான்தான் உங்களை இழுத்தேன். நான்தான் உங்க காலை ஒடிச்சேன். ஊருக்கெல்லாம் பொய் சொல்லிட்டுத் திரியிறேன்"னு அழுதேன்.

அவுக குச்சியைத் துடைச்சாக. துடைச்சுட்டே இருந்தாக. "நாயி வந்துச்சு"ன்னாக.

"என்ன கலரு சொல்லுங்க பாப்போம்."

"கருப்பு."

"நான் செவலைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அப்ப ரெண்டு நாயி"ன்னாக.

அழுதுக்கிட்டே சிரிச்சுட்டேன். அவுக சிரிக்கல, ஆனா கண்ணு கலங்கியிருந்துச்சு.

அப்பறம் ரெண்டு பேருமாச் சேந்து சென்டர் ஸ்டாண்டு போட்டோம். நான் ஸ்டாண்டை மிதிச்சேன், அவுக ஒத்தக்கால்ல நின்னு பின்னாடி கம்பியைத் தூக்குனாக. அவுக குச்சியைப் பாத்து "மேல" "இன்னும் மேல"ன்னு சொல்ல, நான் சிரிஞ்சால இழுத்தேன். நடுவுல வந்ததும் "போதும்"ன்னாக.

கி.மீ. 62,318. எழுபது மில்லி எடுத்தது.

ஜூலை 11, வெள்ளி

இன்னைக்கும் தண்ணியைச் சுவத்துக்கிட்டத்தான் கேட்டாக. நேத்தோட எல்லாம் சரியாயிருச்சுன்னு நினைச்ச என்னைச் செருப்பால அடிக்கணும். பெட்டி கூடத்துலயே நிக்குது. போகலன்னு அவுகளும் சொல்லல, போகாதீகன்னு நானும் சொல்லல.

ஜூலை 13, ஞாயிறு

தொண்டை கட்டிப்போச்சு. எழுதத்தான் முடியும்.

கோமதி பதினோரு மணிக்கு வந்துட்டா. கறிக்குழம்பு வச்சிருந்தேன். சாப்பிட்டு முடிச்சதும் அவ மெல்ல, "கிளம்புவோமாண்ணே?"ன்னா.

அவுக வாயைத் தொறக்குறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். பெரிய மனுசி மாதிரி, "போயிட்டு வாங்க. கால் தேறட்டும்"ன்னேன். நெஞ்சுக்குள்ள வேற ஒண்ணு ஓடுது, வாயில இது வருது.

அவுக சுவத்தைப் பாத்து, "போகச் சொல்லியாச்சு"ன்னாக.

அவ்வளவுதான். எட்டு மாசமா அடக்கி வச்சது மொத்தமும் கிளம்பிருச்சு. "அங்க என்ன பார்வை? எங்கிட்டச் சொல்லுங்க! எட்டு மாசமா இந்த வீட்ல சுவருதான் உங்களுக்குப் பொண்டாட்டி. போறப்ப அதையும் பேத்துக் கார்ல ஏத்திட்டுப் போங்க! கோமதி, வண்டியில எடம் இருக்கா?"

கோமதி கையில இருந்த வெத்தலை கீழ விழுந்துருச்சு.

அவுக எந்திரிச்சாக. கம்பைக் கூட எடுக்காம எந்திரிச்சாக. "என்ன பேசச் சொல்ற? படிச்சவளை அடுப்படியில உக்கார வச்சு ஊர் முன்னாடி கேலி பண்ணுனவன், இப்ப நீ ஊசி குத்திக் கொண்டாந்த சோத்தைத் தின்னுக்கிட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேச?"

"இந்த மூஞ்சிய வச்சுத்தான்! வேற மூஞ்சி வாங்கியா தர முடியும்? நான் இழுத்து விட்டதுக்குத்தான் பேசலன்னு நான் தினம் செத்துக்கிட்டு இருக்கேன்!"

"நீ இழுத்ததுக்கு எதுக்குடா பேசாம இருக்கணும்? கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீ இழுக்காத நாளு எது?"

கோபம் வந்தா என்னையும் ‘டா’ போட்டுத்தான் பேசுவாக, அது பழைய வழக்கம். அரை மணி நேரம் ஓடுச்சு. பதினேழு வருசத்துல விட்டுப்போன கணக்கெல்லாம் வெளிய வந்துச்சு, கல்யாணத்துல எங்க மாமாவுக்கு மரியாதை குறைஞ்சது வரைக்கும். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி அக்கா ஜன்னல்ல எட்டிப் பாத்து, "ஆரம்பிச்சுட்டாகளா? அப்பாடா"ன்னு சொல்லிட்டுப் போச்சு.

கோமதி நடுவுல புகுந்து, "அண்ணே, நீ இப்ப வர்றியா இல்லையா?"ன்னு கேட்டா.

அவுக மூச்சு வாங்கிக்கிட்டே என்னைக் கை காட்டினாக. "இவ பேசி முடிக்கட்டும்."

"நான் முடிக்க மாட்டேன்"ன்னேன்.

"பாத்தியா? இவ முடிக்கலையே. எப்படி வர?"

கோமதி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா. அப்பறம் காபி குடிச்சுட்டு, குழம்பை டப்பாவுல வாங்கிக்கிட்டுக் கார்ல ஏறினா. "இங்க பெரியாஸ்பத்திரியிலயே கால் பயிற்சி குடுக்கிறாங்களாம் மதினி. நாளைக்கே கூட்டிட்டுப் போயிருங்க, ஆடி பிறக்க இன்னும் மூணு நாளு இருக்கு"ன்னு கண்ணாடியை எறக்கிச் சொல்லிட்டுப் போனா.

ஜூலை 14, திங்கள்

கி.மீ. 62,407. ஆயில் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல. யாரும் ஊத்தல, யாரும் எடுக்கல.

லேப்புக்குப் போயிட்டுப் பத்தரைக்கு வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காக. விழுந்த நாள்ல இருந்து அவுக இந்த வண்டியில ஏறினதில்ல. நான் முன்னாடி உக்காந்து ஸ்டார்ட் பண்ணிட்டுக் காத்திருந்தேன்.

இடது பக்கம் நின்னு வலது காலைத் தூக்கிப் போடணும். அந்தக் கால் சீட் உயரத்துக்கு வரல. ஒருக்காத் தூக்கினாக, இடிச்சுச்சு. மறுக்கா கையால காலைப் பிடிச்சுத் தூக்கினாக. மூணாந்தடவை வேர்த்துக் கொட்டி என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாக. எதுத்த வீட்டுக்காரரு பேப்பர் படிக்கிற மாதிரி பாத்துக்கிட்டு இருந்தாரு.

"ஆட்டோ கூப்பிடுறேங்க"ன்னேன்.

அவுக அப்படியே திரும்பி, சீட்டுக்கு முதுகைக் காட்டி, ரெண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கப் போட்டு உக்காந்துட்டாக. நாங்க சேலை கட்டிக்கிட்டு உக்காருவமே, அப்படி. இந்த ஊர்ல எந்த ஆம்பளையும் அப்படி உக்காந்து நான் பாத்ததில்ல, அதுவும் பொண்டாட்டி ஓட்டுற வண்டியில. வேட்டியை இழுத்து விட்டுக்கிட்டு, என் தோள்ல ஒரு கையை வச்சாக.

பஜாருக்குள்ள போறப்ப மெதுவாத்தான் போக முடிஞ்சுச்சு. டீக்கடை வாசல்ல அவுககூட வேலை பாத்த நாலு பேரு நின்னாக. ஒருத்தன், "என்ன மாப்ள, பொண்ணு மாதிரி உக்காந்து போற? பூ வாங்கித் தரட்டா?"ன்னு கத்தினான். எல்லாரும் சிரிச்சாக. எனக்கு உசுரே போச்சு. இப்ப எறங்கிருவாக, எறங்கி வீட்டைப் பாத்து நொண்டிக்கிட்டே போயிருவாக, அப்பறம் ஆயுசுக்கும் சுவருதான்னு நினைச்சேன். பிரேக்குல காலை வச்சுட்டேன்.

தோள்ல இருந்த கை இறுகுச்சு.

"ஏன்டி நிறுத்துற?"ன்னாக. "ரெண்டு முழம் மல்லி வாங்கித் தரச் சொல்லு, உனக்கு வைக்கலாம். கியரை மாத்துடி, நேரமாச்சு."

டி போட்டுட்டாக. கண்ணு தளும்பி ரோடே தெரியல. ஆனாலும் மாத்தினேன்.